பதினைந்து வயதும் பள்ளிக்கூடமும்

நேயர்களுக்கு வணக்கம். உயர்நிலை வகுப்பில் படிக்கும் பிள்ளையிடம் "பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "ஏதோ இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிய அதே பிள்ளைதான் இது. பாடச்சுமை கூடிவிட்டது, கைப்பேசி கெடுத்துவிட்டது என்று நாம் அடுக்கும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வேர் வேறிடத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

தானே முடிவெடுக்க வேண்டும், பெரியவர்கள் தன்னையும் ஓர் ஆளாக மதிக்க வேண்டும் என்ற விருப்பம் முளைவிடும் வயதில்தான் பள்ளி தன் பிடியை இறுக்குகிறது. அமெரிக்க உளவியலாளர்களான ஜாக்குலின் எக்கிள்ஸும் கரோல் மிட்ஜ்லியும் 1980களின் இறுதியில் இந்தப் பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டினார்கள். நாள் முழுவதும் உடனிருந்து பிள்ளையை அறிந்து வைத்திருந்த ஓர் ஆசிரியரின் இடத்தில், மணி அடிக்க அடிக்க மாறும் பலர் வருகிறார்கள்; கட்டுப்பாடுகள் பெருகுகின்றன; மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடுவது கடுமையாகிறது.

திருத்திய விடைத்தாள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதல் பக்கத்தின் மூலையில் சிவப்பு மையில் வட்டமிட்ட 43. உள்ளே ஒரு சொல்கூட இல்லை. எங்கே பிசகியது என்று அறியாதவன், பக்கத்தில் இருப்பவனின் தாளை எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்வான்? ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இருநூறு தாள்களை ஒரு வாரத்தில் திருத்தித் தரச் சொன்னால், தாளுக்கு இரண்டு வரி எழுத அவருக்கு நேரம் ஏது?

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பருவ வயதில் இரவில் உறக்கம் வரும் நேரம் தள்ளிப்போவது சோம்பலால் அல்ல, உடலின் இயல்பால். அதனால்தான் இவ்வயதினரின் வகுப்புகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. முதல் பாடவேளையில் கண்சொக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது வசவுதான்.

தம்மைப் பாதிக்கும் செய்திகளில் பிள்ளைகளின் கருத்துக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. அதற்கென மாணவர் மன்றமும் ஆலோசனைப் பெட்டியும் வைக்கும் பள்ளிகள் உண்டு. ஆனால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று மூன்று முறை எழுதிப் போட்டும் பதில் பெறாத மாணவி நான்காம் முறை எழுதுவதில்லை; பள்ளி விடும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறாள். பெட்டியைத் திறந்து பார்க்கும் நிர்வாகமோ, அது காலியாகக் கிடப்பதைக் கண்டு, பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறது.