பெயர் போடாத செய்தி

நேயர்களுக்கு வணக்கம். நிருபராக இருந்தவர் எப்படி பாஸ்டர் ஆனீர்கள் என்று தண்டையார்பேட்டை டீக்கடைக்காரர் முதல் இந்த நிகழ்ச்சிக்கு அழைத்தவர் வரை எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் மனசில் பெரும்பாலும் லீ ஸ்ட்ரோபல் இருக்கிறார். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் சட்டச் செய்திகளைப் பார்த்துக்கொண்ட நாத்திகர். மனைவி விசுவாசத்துக்கு வந்ததும், வழக்கை விசாரிப்பதுபோல் இரண்டு வருஷத்துக்குக் கிட்ட விசாரித்து, 1981இல் தானும் விசுவாசியாகி, பிற்பாடு போதகரானார். நல்ல கதைதான். நான் எதையும் விசாரித்து முடிவுக்கு வரவில்லை. ஒரு வரியில் சறுக்கினேன்.

எண்ணூர்ப் பக்கம் பத்து வருஷத்துக்கு மேல் சுற்றியவன் நான். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதை வாளியால் அள்ளியதை ஊரே டிவியில் பார்த்தது. அதற்குத் துப்பறிய ஆள் தேவையில்லை. கொசஸ்தலை ஆற்றுச் சாம்பல் கதை வேறு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, குழாய் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுவார்கள். குழாய் ஆற்றைத் தாண்டிப் போகிறது. சாம்பல் உள்ளிருந்தே இரும்பை அராவும். ஓட்டை விழுந்தால் ஆற்றில்தான் இறங்கும். படிந்து படிந்து ஆழம் குறையும், படகு தரைதட்டும். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குச் சாம்பல்தான் கையில் வரும்.

எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று எனக்குக் காட்டியவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. விடியற்காலை 4 மணிக்குப் படகில் கூட்டிப்போய் டார்ச் அடித்துக் காட்டினார். "என் பேரு மட்டும் வேணாம் சார்" என்றார். பேர் போடவில்லை. ஆனால் 'பதினோரு வருஷமாக இரவு ஷிப்டில் குழாய்ப் பாதையைப் பார்க்கும் ஒருவர்' என்று எழுதினேன். எழுதும்போது அந்த வரி அழகாக இருந்தது. பதினோரு வருஷமாக இரவு ஷிப்டில் அங்கே இருந்தது ஒரே ஆள். செய்தி வந்த வாரமே காண்டிராக்டர் அவரை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்குப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. "கூட்டத்துக்குக் கெளம்பிட்டேன், வாங்க சார், பேசிக்கினே போலாம்" என்றார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஜெபவீடு. கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். சாட்சி சொல்ல எழுந்தவர், வேலை போனதைச் சொல்லிவிட்டு எனக்காக ஜெபித்தார். "இந்த சாருக்கு அவர் தொழில்ல ஒரு கொறையும் வரக்கூடாது ஆண்டவரே." ஒளி எதுவும் இறங்கவில்லை. ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த ஞாயிறும் போனேன். ஞானஸ்நானம், தபால் வழி வேதாகமப் படிப்பு, ஊழியம் எல்லாம் பலருக்கும் நடந்த மாதிரியேதான். வேதத்தில் நான் முதலில் ஒட்டிக்கொண்டது லூக்காவோடு. எடுத்த எடுப்பிலேயே, கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுகிறேன் என்கிறார். நம்ம ஆள் என்று தோன்றியது.

இப்போதும் வந்து சொல்கிறார்கள். ஆராதனை முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில், "பாஸ்டரய்யா, ஒரு விஷயம்." நிருபனாக இருந்தபோது 1978ஆம் வருஷத்துப் பிரஸ் கவுன்சில் சட்டம் இருந்தது. பத்திரிகைகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற அந்தக் கவுன்சில், செய்தி தந்தவர் யார் என்று சொல்லும்படி வற்புறுத்த முடியாது. கோர்ட்டுக்கு அது பொருந்தாது, அது வேறு விஷயம். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. போதகரிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பிரிவே கிடையாது. அழுதுகொண்டு சொல்கிறவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

கேட்டதைப் பத்திரிகை நண்பர்களிடம் கொடுப்பதில்லை. நாக்கு அரிக்கத்தான் செய்யும். ஆனால் கேட்டும் சும்மா இருக்க முடியவில்லை. ஊழியக்காரருக்கு எதற்கு இந்த வேலை என்று சபையிலேயே சிலருக்கு வருத்தம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெயரும் முகவரியும் வேண்டும். அதனால் மனு என் பெயரில் போகிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். குழாயை எந்தெந்தத் தேதியில் பார்த்தார்கள், பழுது பார்த்த பதிவேட்டின் நகல் தாருங்கள் என்று கேட்பேன். ஒரு இடத்தைப் பற்றி வேண்டுமென்றால் நாலு இடத்தைப் பற்றிக் கேட்பேன்.

கடைசியாக அனுப்பியதற்கு இன்றோடு 22 நாள். பதில் தர சட்டப்படி அவர்களுக்கு 30 நாள். அந்தப் பழைய ஆள் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். சபையே பாஸ்டரய்யா என்றாலும் அவருக்கு நான் இன்னும் சார்தான். மனு எழுதினால் முதலில் அவரிடம்தான் காட்டுவேன். இந்தத் தடவை இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்.

"இத்தப் படிச்சா ஆளு யாருன்னு தெரிஞ்சிடும் சார்."

நன்றி, வணக்கம்.