பூவா தலையா போட்டு வெல்லலாமா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலைப் பார்த்தே இராதவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். ஒன்று தெரிந்தால் போதும். அந்த ஆட்டத்தில் பந்தை வைத்துத் தாக்குபவர்கள் வேறு, தடுப்பவர்கள் வேறு. பந்து தன் அணிக்கு வராதவரை தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

ஆட்டம் சமனில் முடிந்தால் ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். 1974இல் லீக் ஆட்டங்களுக்கும் இதைக் கொண்டுவந்தது. யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. முதலில் பந்து யாருக்கு? காசைச் சுண்டிப் பார்ப்பார்கள். 2010இல் ப்ளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் நாக்அவுட் ஆட்டங்களுக்குப் பாதித் திருத்தம் வந்தது. முதல் அணி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி ஃபீல்ட் கோலோடு நின்றால் மற்ற அணிக்கும் பந்து கிடைக்கும். பந்தை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் ஆறு புள்ளி டச்டவுன் போட்டுவிட்டால் அத்தோடு சரி.

இந்த இடத்தில் ஓர் ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 ஜனவரி 23, கன்சாஸ் சிட்டி. சீஃப்ஸ் அணியும் பஃபலோ பில்ஸ் அணியும். கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரண்டு அணியும் சேர்ந்து 25 புள்ளி! 13 விநாடி மிச்சமிருக்கும்போது பில்ஸ் மூன்று புள்ளி முன்னால். அந்த 13 விநாடிக்குள் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் பந்தை நகர்த்திக் கொண்டுபோய்க் கொடுக்க, ஃபீல்ட் கோல் அடித்து 36–36. ஓவர்டைம். பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. சீஃப்ஸ் பந்தை வாங்கியது, டச்டவுன், 42–36. அன்று ஆலன் ஆடிய ஆட்டத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை, காசு நிறுத்தியது. கவனியுங்கள், ஓவர்டைமில் அவர் கைக்குப் பந்து வரவே இல்லை.

இது ஒருநாள் துரதிர்ஷ்டமும் இல்லை. அந்த விதி இருந்த காலத்தில் 12 ப்ளேஆஃப் ஆட்டங்கள் ஓவர்டைமுக்குப் போயின. டாஸ் வென்ற அணி 10இல் ஜெயித்தது. அதில் 7 ஆட்டம், முதலில் பந்து கிடைத்த அந்த ஒரு முறையிலேயே முடிந்தது. அணி உரிமையாளர்கள் அந்த மார்ச்சிலேயே 29க்கு 3 என்று வாக்களித்து, ப்ளேஆஃபில் இரு அணிக்கும் பந்து உண்டு என்றார்கள். லீக் ஆட்டங்களுக்கு அது வர 2025 ஆயிற்று.

சரி, நியாயம் கிடைத்துவிட்டதா? பாதிதான். இரண்டாவதாக ஆடுபவருக்கு எத்தனை புள்ளி தேவை என்று முன்பே தெரியும். 2024 சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில் டாஸ் வென்ற சான் ஃபிரான்சிஸ்கோ அணி முதலில் ஆடி ஃபீல்ட் கோல் எடுத்தது. சீஃப்ஸ் டச்டவுனால் பதில் சொல்லி 25–22 என்று கோப்பையை வாங்கியது. இரண்டு அணியும் சமமாக எடுத்திருந்தால் அனுகூலம் முதல் அணிக்குப் போயிருக்கும், ஏனென்றால் மூன்றாவது முறை பந்து அதற்குத்தான். எப்படிப் பார்த்தாலும் காசின் நிழல் விலகவில்லை.

எனக்குப் பிடித்த வழியை பால்டிமோர் ரேவன்ஸ் அணி 2021இல் முன்வைத்தது. வீட்டில் அதிரசத்தை ஒரு பிள்ளை பிட்டு வைக்க, மற்றப் பிள்ளை முதலில் எடுக்குமே, அதேதான். பந்தை எந்தக் கோட்டில் வைப்பது என்று ஓர் அணி சொல்லும். தாக்குவதா தடுப்பதா என்று எதிரணி தேர்ந்தெடுக்கும். வசதியான இடத்தைச் சொன்னால் எதிரணி பந்தை எடுத்துக்கொள்ளும். ரொம்பத் தள்ளி வைத்தால் நீங்களே அங்கிருந்து தொடங்க வேண்டிவரும். ஆகவே நடுநிலையான இடத்தைச் சொல்வதுதான் லாபம். காசு தீர்மானிப்பது யார் இடம் சொல்வது என்பதை மட்டும். இதை ஏன் ஏற்கவில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கல்லூரி ஆட்டங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே 1996 முதல் இரு அணிக்கும் எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. 2021இல் இல்லினாய் அணி பென் ஸ்டேட்டை ஒன்பது ஓவர்டைமுக்குப் பிறகு 20–18 என்று வென்றது. அதில் யாரும் பந்தே தொடாமல் தோற்கவில்லை. நன்றி, வணக்கம்.