ஆல்பத்தில் யார் பெயர்?

நடுவர் அவர்களுக்கும், கோணேசரைக் கும்பிட்டுப்போட்டு அப்படியே வந்து முன்வரிசையில் இடம்பிடித்த அம்மாமாருக்கும் வணக்கம்.

"மனதுக்கு நிறைவு தருவது அன்றைய பொழுதுபோக்கா, இன்றைய பொழுதுபோக்கா?" இன்றையதே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணா எங்கட திருகோணமலை டச்பே கடற்கரையில் பட்டம் விட்டார், தங்கூசி போட்டு மீன் பிடித்தார், தபால் முத்திரை சேர்த்தார், சிற்றலையில் வானொலி கேட்டார். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பேச்சு முழுக்க ஒரு பெட்டைப்பிள்ளை வந்தாளா? ஒரே ஓர் இடத்தில் அவருடைய அக்கா வந்தார். என்ன செய்தார்? கடற்கரைக்குப் போய், "சோறு ஆறுது, வாடா" என்று கூப்பிட்டார்!

எங்கள் வீட்டிலும் ஒரு முத்திரை ஆல்பம் இருக்கிறது. மாமாவுடையது. கடித உறையில் முத்திரையைச் சுற்றி வெட்டி, சோசரில் தண்ணீர் விட்டு ஊறப் போடவேண்டும். பசை இளகினால் தானாகக் கழரும். அவசரப்பட்டு இழுத்தால் ஓரத்துப் பல்லு கிழியும், பிறகு அதை ஒருவரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். கவிழ்த்துக் காயவைத்து, தடித்த புத்தகத்துக்குள் வைத்து அமத்தவேண்டும். இவ்வளவும் செய்தது அம்மா. ஆங்கிலத்தில் 'சிலோன்' என்றிருந்ததையும், 1972க்குப் பிறகு 'ஸ்ரீ லங்கா' என்று வந்ததையும் வேறாக்கி அடுக்கியதும் அம்மா. ஒட்டியது மட்டும் மாமா. அட்டையில் பெயரும் மாமா! 1857இல் வந்த இலங்கையின் முதல் முத்திரையிலேயே விக்டோரியா மகாராணியின் தலைதான். முத்திரையில் பொம்பிளை இருக்கலாம், அட்டையில் இருக்கக்கூடாது போல.

அம்மாவுக்கு இப்போது 68 வயது. பேத்தி தன் பழைய ஃபோனில் 'ஈபேர்ட்' செயலியைப் போட்டுக் கொடுத்தாள். பறவை பார்ப்பவர்களுக்காக அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் இணையத்தளமாகத் தொடக்கியது அது; செயலி பிறகுதான் வந்தது. எந்த இடம், எத்தனை மணி, என்ன பறவை, எத்தனை என்று பதியவேண்டும். உப்புவெளி வீட்டு விறாந்தையில் காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணியோடு குந்திவிடுவார். மைனா 9. செண்பகம் 2. கிளி... "பறந்திட்டுது, எண்ணேலாமப் போச்சு." காகத்தை விடுங்கோ அம்மா என்றால் கோபம்: "ஏன், அது பறவை இல்லையோ?" அந்தக் கணக்கை எந்த ஆராய்ச்சியாளர் பார்ப்பார் என்பதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. பட்டியலில் இருப்பது அவருடைய பெயர். அடுப்பில் பால் பொங்கினாலும் எழும்பமாட்டார். அப்பாதான் ஓடுகிறார்.

ரீல்ஸைக் காட்டி எதிரணி அடித்தது. ஒப்புக்கொள்கிறேன். படுத்துக்கிடந்து ரீல்ஸ் தள்ளுவது பொழுதுபோக்கு இல்லை, பொழுது போறது. என் மகனும் அந்தக் கூட்டம்தான். ஆனால் அன்றைக்குத் திண்ணையில் இருந்து ஊர்வம்பு பேசியே நாளைத் தள்ளின ஆட்களை அண்ணா ஏன் கணக்கில் எடுக்கவில்லை?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு கேள்வியோடு இருக்கிறேன். அண்ணா, அவ்வளவு மீன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனீங்களே, அதை வெட்டிக் கழுவினது ஆர்?