மலிவான காலமா? பாட்டியின் சில்லறை டப்பாவும் 1960-களின் கடைசி ஆண்டுகளும்

வணக்கம். இன்று நான் எங்கும் வெளியே போகவில்லை. திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டு முன்னறையில், பாட்டியின் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உங்களோடு பேசப்போகிறேன். கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தியிருப்பதால் என் முகம் தெரியாது. அதில் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை.

சென்ற வாரம் எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. 1968-ஆம் ஆண்டின் விலைகள் என்று ஒரு பட்டியல், அதன் கீழே, "அந்தப் பொற்காலம் திரும்புமா?" என்று ஒரு கேள்வி. பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்துவிட்டு, "இந்த விலைக்கு வாங்கறதுக்கும் கையில காசு இருந்திருக்கணுமேடா" என்று சொல்லி, உள்ளே போய் இந்த டப்பாவை எடுத்து வந்தார். இந்தக் காணொளி அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. பட்டியலில் இருந்த விலைகளை நான் இங்கே படிக்கப்போவதில்லை. யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்ட எண்களுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. கையில் இருக்கும் காசிலிருந்தே தொடங்குகிறேன்.

இதோ, அறுகோண வடிவில் இருக்கும் இந்த அலுமினிய நாணயம் 3 காசு. 1964-இல் வெளிவரத் தொடங்கியது. ஊதினால் பறந்துவிடும் போன்ற எடை. சதுரமாக இருப்பது 5 காசு. ஓரம் நெளிநெளியாக இருப்பது 10 காசு. மஞ்சளாக, நடுவில் தாமரை பொறித்த இந்த 20 காசைப் பாருங்கள். 1968-இல் வெளியானது. பொன்னிறமும் தாமரையும் சேர்ந்திருந்ததால் பலர் இதைச் செலவழிக்காமல் பூஜைக்கென்று சேர்த்துவைத்தார்கள். எங்கள் டப்பாவில் இதுதான் அதிகம்.

இவற்றில் ஒன்றில்கூட அணா என்ற சொல் இல்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியே தசம நாணய முறை வந்துவிட்டது. 16 அணா கொண்ட ரூபாய், 100 காசு கொண்ட ரூபாய் ஆனது. ஆனால் பாட்டி திருமணமாகி 1964-இல் காஞ்சிபுரத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தபோதும் எல்லோரும் அணாவில்தான் பேசினார்களாம். கணக்கு அவ்வளவு எளிதாகவும் இல்லை. ஓர் அணாவுக்கு ஆறேகால் காசு. ஓரணாப் பொருளுக்கு 6 காசு வாங்கினால் கடைக்காரருக்கு நட்டம். 7 காசு கேட்டால் வாங்குபவர் சண்டைக்கு வருவார். ஆறு ஆறாகப் பதினாறு முறை கொடுத்தால் 96 காசுதான் ஆகிறது. மீதி 4 காசு எங்கே போயிற்று என்று தெருமுனைக் கடையில் தினமும் ஒரு வழக்கு நடந்திருக்கும். பின்னமில்லாமல் காசாக மாறியவை நாலணா, எட்டணா, பன்னிரண்டணா ஆகியவை மட்டுமே. நாலணாவும் எட்டணாவும் மட்டும் நம் பேச்சில் இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1967-இல் கே. பாலசந்தர் இயக்கி வெளிவந்த பாமா விஜயம் படத்தில், எட்டணா வரவையும் பத்தணா செலவையும் வைத்து ஒரு குடும்பமே பாடும் பாடல் உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவந்ததும், அவருக்கு நிகராகக் காட்டிக்கொள்ளக் கடன்பட்டுப் பொருள் வாங்கிக் குவிக்கும் நடுத்தரக் குடும்பத்தின் கதை அது. அணா ஒழிந்து பத்து ஆண்டு ஆன பிறகும் பாட்டில் அணாதான் வருகிறது. அரங்கில் ஒருவருக்கும் அது பழைய கணக்காகத் தோன்றவில்லை. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. எட்டணா வரவை 50 காசாகச் சுத்தமாகக் கையில் வாங்கலாம்; பத்தணா செலவோ அறுபத்திரண்டரைக் காசு, அந்த அரைக் காசைக் கொடுக்க அப்போது நாட்டில் நாணயமே கிடையாது. அந்தக் குடும்பம் பாக்கியில்லாமல் கடனை அடைத்திருக்கவே முடியாது.

அதே ஆண்டில் நடந்த தேர்தலும் இப்படித்தான். எடை, அளவு எல்லாவற்றிலும் மெட்ரிக் முறை 1960-களின் தொடக்கத்திலேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் சென்னை மாநிலத்தின் ஆட்சியை மாற்றிய வாக்குறுதி கிலோவில் பேசவில்லை. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார் அண்ணா. ஒரு படி அரிசி என்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. சட்டம் கிலோவுக்குப் போய்விட்டது. அடுக்களையில் அளந்து போடும் கை இன்னும் படியிலேயே இருந்தது என்பதை அந்த முழக்கத்தை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இங்கே நான் சற்று நின்று சொல்ல வேண்டும். ஓர் ஆட்சியையே அரிசி விலை கவிழ்த்தது என்றால், அந்த விலை வாழ்ந்தவர்களுக்கு எப்படித் தோன்றியிருக்க வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் கோதுமை வந்தது. சாம்பாரும் ரசமும் ஊற்றிச் சாப்பிட்டுப் பழகிய வீடுகளில் கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல், பாட்டி அதை உடைத்து உப்புமா கிண்டியிருக்கிறார், தாத்தா ஒரு வாரம் பேசாமல் சாப்பிட்டு, எட்டாம் நாள் மட்டும், "இன்னிக்கும் இதேதானா?" என்று கேட்டாராம். திங்கட்கிழமை ஒருவேளை உணவைத் தவிர்க்கும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். தெருக்கூட்டங்களில் முதலமைச்சர் பக்தவத்சலத்தை 'அண்ணாச்சி' என்று விளித்து, அரிசி விலை 'என்னாச்சி' என்று எதுகையோடு கேட்டார்கள். பொற்காலத்தில் இப்படிப்பட்ட எதுகை யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார்; மே மாதத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. பாட்டி இடுப்பில் என் பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு, கையில் கார்டும் பையுமாகக் கடை வாசலில் நின்றிருக்கிறார். அரிசி நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "வெந்தது" என்றார். அதற்குமேல் அவரிடம் சான்றிதழ் கிடைக்கவில்லை. செலவைத் தாங்க முடியாததால் மாநிலம் முழுவதற்கும் அந்தத் திட்டம் விரியவில்லை.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு இந்த நகரம் கண்ட மூன்று நாட்களைப் பற்றி இந்த வீட்டில் எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. 1967 ஜனவரி 12, வியாழக்கிழமை மாலை, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர். ராதா துப்பாக்கியால் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். முதலில் ராயப்பேட்டை மருத்துவமனை, பிறகு பொது மருத்துவமனை. செய்தி பரவியதும் தாத்தா, வேலை பார்த்த அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேரே ராயப்பேட்டைக்கு ஓடியிருக்கிறார். அவர் கம்பாசிட்டர், ஈய எழுத்துகளைக் கோக்கும் வேலை. செருப்பில் ஒன்றைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு நள்ளிரவில் திரும்பினாராம். மறுநாள் காலை, இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. எதிரணியின் வேகப்பந்து வீச்சாளர்கள் ஹாலையும் கிரிஃபித்தையும் விளாசிய நம் அணியின் ஃபரூக் எஞ்சினியர், உணவு இடைவேளைக்கு முன்பே 94 ஓட்டங்கள் எடுத்துவிட்டார். நூறுக்கு ஆறு ஓட்டம் குறை. மைதானத்தின் ஆரவாரம் எங்கள் மொட்டைமாடிவரை கேட்டது என்பது பாட்டியின் சாட்சியம். அதற்கு அடுத்த நாள் பொங்கல். ஒரே நகரம், ஒரு நாள் மருத்துவமனை வாசலில் அழுதது, மறுநாள் சேப்பாக்கத்தில் கத்தியது, அதற்கும் மறுநாள் கரும்பு கடித்தது. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். படுக்கையில் இருக்கும் சுவரொட்டி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே வென்றார்.

தொலைக்காட்சி கிடையாது. சென்னைக்கு அது 1975-இல்தான் வந்தது. வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டும். பாட்டுக் கேட்பதற்கு உரிமமா என்று இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் பெட்டி இல்லை. மாடியில் குடியிருந்தவர்கள் இலங்கை வானொலியைச் சற்று உரக்க வைப்பார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மையா பெருமையா என்பதில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு இருந்தது. திரைப்படப் பாட்டை மனப்பாடம் செய்ய, அரங்க வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகம் இருந்தது. டப்பாவின் அடியில் இப்படி இரண்டு கிடைத்தன. அட்டை போய்விட்டது, விரல்பட்டால் உதிர்கிறது, ஆகவே பிரித்துக் காட்டவில்லை. அண்ணா சாலை அப்போது மவுண்ட் ரோடு. சஃபையர், புளூ டைமண்ட், எமரால்ட் என்று ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள் அங்கே இருந்தன. புளூ டைமண்டில் படம் தொடர்ச்சியாக ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வெயிலுக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை என்று தாத்தா சொல்லுவார். பாதியிலிருந்து படம் பார்ப்பதைப் பாட்டி இன்றுவரை ஒழுக்கக்கேடாகவே கருதுகிறார்.

இனி விலைக்கு வருவோம். 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆனது. 1968-இல் தபால் கட்டணம் ஏறியது. 6 காசு அட்டை 10 காசு. காஞ்சிபுரத்துக்கு வாரம் ஓர் அட்டை எழுதிக்கொண்டிருந்த பாட்டி, அதன்பிறகு எழுத்தைப் பொடியாக்கி, இரண்டு வாரச் செய்தியை ஓர் அட்டையில் அடைத்திருக்கிறார். முகவரிப் பக்கத்தின் ஓரத்தில்கூட "மாவடு கிடைத்தது" என்று எழுதியிருக்கிறது, பாருங்கள்.

தங்கத்தைப் பாருங்கள். பத்து கிராம் தங்கம் 1966-இல் ஏறத்தாழ 84 ரூபாய். 1969-இல் ஏறத்தாழ 176 ரூபாய். மூன்றே ஆண்டுகளில் இரட்டிப்பு. "176 ரூபாயா!" என்று நாம் வாயைப் பிளக்கிறோம், 84-ஐப் பார்த்தவர்களும் அந்த 176-ஐக் கண்டு இதேபோல்தான் வாயைப் பிளந்திருக்கிறார்கள். தாத்தாவின் மாதச் சம்பளம் அப்போது 160 ரூபாய். வாடகை, அரிசி, பால் எதுவும் இல்லாமல் காற்றைக் குடித்து வாழ்ந்திருந்தால் மாதம் ஒரு சவரன் வாங்கியிருக்கலாம். பாட்டியின் கணக்குப்படி, அந்த மூன்று ஆண்டுகளில் இந்த வீட்டுக்குள் வந்த தங்கம் என் அத்தையின் காதுக்கு ஒரு ஜோடிக் கம்மல். அதுவும் பழைய மோதிரம் ஒன்றை அழித்துச் செய்தது.

1968-இல் அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியபோது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து போனது எல்லாம் நாட்டுக்குத்தான். 1969 ஜூலை 19-ஆம் தேதி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உட்பட 14 வங்கிகள் அரசுடைமையாயின. மனிதன் நிலவில் கால்வைத்த செய்தி அடுத்த ஓரிரு நாளில் வந்தது. இரண்டில் எது பெரிதாகப் பேசப்பட்டது என்று பாட்டியைக் கேட்டேன். அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை, அதைத்தான் பேசினோம் என்றார்.

இந்த நாலணாவை மட்டும் கடைசியாகக் காட்டிவிடுகிறேன். 2011 ஜூன் மாதத்தோடு 25 காசு செல்லாமல் போயிற்று. டப்பாவில் இது 11 இருக்கிறது. மொத்தம் 2 ரூபாய் 75 காசு. பாட்டி அதை, "ரெண்டே முக்கால்" என்று எண்ணி முடித்துவிட்டார், நான் இன்னும் கைப்பேசியில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

மன்னிக்கவும், காணொளியை இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, தாமரைக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்து வைக்க வேண்டுமாம். டப்பாவைத் திருப்பிக் கேட்கிறார்.