அந்த போக்கர் சைட் மீளுமா? என் கணிப்பு

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஹேண்ட் ரிவ்யூ, அதாவது ஆடிய ஆட்டத்தை அலசுவது, கிடையாது. ஒரே ஒரு விஷயம் பேசிவிட்டுப் போகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் ராத்திரி ஒரு தம்பி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தான். வெளிநாட்டில் எங்கோ உட்கார்ந்துகொண்டு நடத்துகிற, பணம் வைத்து போக்கர் சீட்டு ஆடுகிற ஒரு சைட், பெயர் சொல்லப்போவதில்லை, அதில் 62,000 ரூபாய் எடுக்கக் கோரிக்கை போட்டு 41 நாள் ஆகிறது. மஞ்சள் எழுத்தில் "பரிசீலனையில்" என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்திலேயே பெரிய சிவப்பு பட்டன், "கோரிக்கையை ரத்து செய்" என்று. அதைத் தொட்டால் அந்த நொடியே பணம் பேலன்ஸுக்குத் திரும்பிவிடும், உடனே டேபிளில் உட்காரலாம். வெளியே வருவதற்கு 41 நாள் போதவில்லை, உள்ளே திரும்ப ஒரு நொடி போதுமாம். அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே அவன் கேட்டிருந்தது இதுதான்: "அண்ணா, இந்த சைட் மீண்டு வருமா? டேபிள் எல்லாம் நல்லாத்தான் ஓடுது, சாட்டிலும் பதில் வருது."

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீளாது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று விளக்கத்தான் இந்த வீடியோ.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சில வருஷம் முன்னால் வேறொரு சைட்டில் 38,000 ரூபாய் மாட்டியது. முதலில் சின்னத் தொகையாக 5,000 கேட்டேன், இரண்டே நாளில் வந்துவிட்டது. அந்த 5,000 வந்ததால்தான் நம்பினேன். நம்பி இன்னும் போட்டேன். அப்புறம் பெரிய தொகை கேட்டபோது ஆதார் கேட்டார்கள், பாஸ்புக் கேட்டார்கள், கையில் அன்றைய தேதி எழுதிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி கேட்டார்கள், எல்லாம் கொடுத்த பிறகு ஃபோட்டோ தெளிவாக இல்லை என்று மறுபடி கேட்டார்கள். காலையில் கண் விழித்ததும் முதல் வேலை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான். இரண்டு மாதம் அப்படிப் போனது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே அந்தத் தம்பி இப்போது எந்த நிலையில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும், அவனுக்கு ஆறுதல் சொல்வதற்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டேபிள் நிறைய ஆள் இருப்பது ஒரு சைட் நல்லா இருக்கிறது என்பதற்கு ஆதாரமே இல்லை. இதை உலகத்துக்கே காட்டிய சம்பவம், அந்தக் காலத்தில் பெரிய சைட்டுகளில் ஒன்றான ஃபுல் டில்ட் போக்கர்.

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. போக்கர் ஆடுபவர்கள் இன்றும் அந்த நாளை பிளாக் ஃப்ரைடே என்றுதான் சொல்கிறார்கள். நியூயார்க்கில் பிரீத் பராரா என்ற அரசு வழக்கறிஞரின் அலுவலகம் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் என்ற மூன்று சைட்டுகளின் மேலும் ஒரே நாளில் வழக்கை வெளியிட்டது, பதினொரு பேர் மேல் குற்றச்சாட்டு, சைட் முகவரிகளும் பறிமுதல். அமெரிக்காவில் 2006-லேயே சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கு வங்கி வழியாகப் பணம் போவதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. பார்ட்டி போக்கர் என்ற இன்னொரு சைட் அப்போதே அமெரிக்காவை விட்டு வெளியேறிவிட்டது, இவர்கள் மூவரும் வெளியேறவில்லை. அரசுத் தரப்பு சொன்னபடி, ஆட்டக்காரர்கள் போடும் பணம் நகை விற்கும் கடை, கோல்ஃப் பந்து விற்கும் கடை என்று இல்லாத கடைகளின் பெயரில் வங்கிக்குள் போய் வந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மூன்று சைட்டுக்கும் அடி ஒரே நாளில், ஒரே கோர்ட்டில் விழுந்தது. போக்கர்ஸ்டார்ஸ் என்ன செய்தது? அரசுடன் உடன்பாடு போட்டு, சில வாரத்துக்குள் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பத் தொடங்கிவிட்டது. ஃபுல் டில்ட்டோ பணம் பத்திரமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றிடம் ஆட்டக்காரர்களின் பணம் தனியாக இருந்தது, இன்னொன்றிடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டின் சாஃப்ட்வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஃபுல் டில்ட்தான் அழகு என்று சொல்பவர்கள் அப்போது ஏராளம். அழகு ஒரு டாலரைக்கூடத் திருப்பித் தரவில்லை.

ஃபுல் டில்ட்டின் கணக்கைக் கேளுங்கள். அரசுத் தரப்பு கோர்ட்டில் வைத்தது இது. 2011 மார்ச் கடைசியில் உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்கு அவர்கள் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. அதே சமயம் 2007 ஏப்ரலிலிருந்து இயக்குநர்களும் பங்குதாரர்களும் பிரித்து எடுத்துக்கொண்டது சுமார் 44 கோடி டாலர். ஏலச்சீட்டு பிடிக்கிறவர் சீட்டுப் பணத்தில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு, சீட்டு எடுத்தவருக்கு அடுத்த மாதம் வருகிற தவணையிலிருந்து கொடுத்துச் சமாளிப்பார் இல்லையா, நம் ஊரில் எத்தனை குடும்பம் அதில் அழிந்திருக்கிறது, அதேதான். அமெரிக்க அரசும் அதை பான்ஸி மோசடி என்ற பெயரிலேயே சொன்னது.

இதைவிட என்னை உலுக்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2010-இல் அமெரிக்க வங்கிகளிலிருந்து பணம் இழுத்துத் தரும் இடைத்தரகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஆட்டக்காரர் டெபாசிட் பட்டனை அழுத்துகிறார், அவர் வங்கியிலிருந்து பணம் எடுக்க வழியில்லை. ஃபுல் டில்ட் என்ன செய்தது தெரியுமா, பணம் வராமலேயே அவர் அக்கவுண்டில் எண்ணை ஏற்றிவிட்டது. இப்படி ஏறியது மட்டும் சுமார் 13 கோடி டாலர். இப்போது யோசித்துப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் 200 டாலர் போட்டதாக எண் காட்டுகிறது, அவர் வங்கியிலிருந்து ஒரு பைசா நகரவில்லை. நீங்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து, மோசமான சீட்டு வந்தால் ஒழுங்காக ஃபோல்டு செய்து விலகி, பொறுமையாகக் காத்திருந்து அந்த 200-ஐ ஜெயிக்கிறீர்கள். உங்கள் பேலன்ஸ் 200 கூடுகிறது. நேர்மையாக ஜெயித்தது, ஆனால் அந்தப் பணம் உலகத்தில் எங்குமே இல்லை. அதிலிருந்து சைட் ரேக்கையும், அதாவது தன் கமிஷனையும், எடுத்துக்கொண்டது. இதை நான் முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று, என் பேலன்ஸில் இருக்கிற எண்ணைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஏப்ரல் 15-க்குப் பிறகும் அந்த சைட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜூன் 29-ஆம் தேதி லைசென்ஸ் கொடுத்திருந்த ஆல்டர்னி என்ற சின்னத் தீவின் கட்டுப்பாட்டு அமைப்பு லைசென்ஸை நிறுத்தி வைத்தது, அன்றே எல்லாருக்கும் திரை இருண்டது. இரண்டரை மாதம், பணம் இல்லாத சைட்டில் டேபிள் ஓடியிருக்கிறது. தம்பி, "டேபிள் ஓடுது" என்று நீ சொன்னதற்கு இதுதான் என் பதில்.

அப்புறம் நடந்ததுதான் கணிப்பு என்கிற விஷயத்தில் எனக்குப் பெரிய பாடம். அந்த வருஷம் முழுக்க எல்லாரும் கணித்தார்கள், முதலீட்டாளர் வருகிறார், அடுத்த வாரம் கையெழுத்து, அடுத்த மாதம் திறப்பு என்று. பிரான்ஸ் நாட்டுத் தொழிலதிபர் பெர்னார்ட் டாப்பியின் குழுமம் நவம்பரில் அமெரிக்க அரசுடன் 8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் வரை வந்தது, 2012 ஏப்ரலில் அது உடைந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, 2012 ஜூலை 31 அன்று வாங்கியது யார்? போக்கர்ஸ்டார்ஸ். தன் மேல் இருந்த வழக்கையும் சேர்த்து முடிக்க மொத்தம் 73.1 கோடி டாலர், அதில் 18.4 கோடி அமெரிக்காவுக்கு வெளியே இருந்த ஆட்டக்காரர்களுக்கு. நவம்பர் 6 அன்று சைட் மறுபடி திறந்தது, அவர்கள் பேலன்ஸ் அப்படியே கிடைத்தது. அமெரிக்கர்களுக்கு அரசு வழியாக முதல் தவணை வந்தபோது 2014 பிப்ரவரி. கிட்டத்தட்ட மூன்று வருஷம்.

ஃபுல் டில்ட் தானாக மீளவில்லை. ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தால்தான் தன் வழக்கு முடியும் என்ற தேவை, பணம் வைத்திருந்த இன்னொருவருக்கு இருந்தது. அந்தத் தேவைதான் பணத்தைக் கொண்டுவந்தது. ஃபுல் டில்ட் என்ற பெயரும் நிலைக்கவில்லை, 2021 பிப்ரவரியில் அதையும் மூடிவிட்டார்கள். அப்சல்யூட் போக்கர் ஆட்டக்காரர்கள் இதைவிட அதிகம் காத்திருந்தார்கள், 2017-இல்தான் அவர்களுக்கு வழி பிறந்தது, அதுவும் அமெரிக்க அரசு பறிமுதல் செய்து வைத்திருந்த பணத்திலிருந்து.

யாருக்கும் அந்தத் தேவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாக் போக்கர் என்ற இன்னொரு சைட் இருக்கிறது. பணம் எடுப்பது வாரக்கணக்கில் இழுத்து, மாதக்கணக்காகி, ஆட்டக்காரர்கள் தங்கள் பேலன்ஸைத் தங்களுக்குள்ளேயே பாதிக்கும் குறைவான விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். 2015 ஏப்ரலில் மூடிவிட்டது. வாங்க யாரும் வரவில்லை. ஒரு சைட்டின் உடல்நிலை தெரிய வேண்டுமா, அதன் ஒரு டாலரை ஆட்டக்காரர்கள் வெளியே என்ன விலைக்குக் கைமாற்றுகிறார்கள் என்று பாருங்கள். கம்பெனியின் அறிவிப்பைவிட அந்த விலைதான் உண்மை பேசும்.

ஆகவே ஒரு சைட் சிக்கலில் இருக்கிறது என்றால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இவர்கள் பணம் கொடுக்காவிட்டால் யாருக்கு நஷ்டம்? ஆட்டக்காரரைத் தவிர வேறு யாருக்காவது வலிக்குமா? லைசென்ஸ் போகுமா, வழக்கு வருமா, பங்குச் சந்தையில் பெயர் கெடுமா?

நம் நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். 2023 அக்டோபரிலிருந்து போடும் பணத்தின் மேல் 28 சதவீதம் ஜிஎஸ்டி வந்தபோதே இங்கிருந்த சைட்டுகளுக்கு மூச்சு முட்டியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது, 22-ஆம் தேதி ஜனாதிபதி ஒப்புதல், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வாதத்துக்கே அதில் இடமில்லை. பெரிய இந்திய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. அவர்களுக்கு இங்கே ஆபீஸ் இருக்கிறது, இயக்குநர்கள் இருக்கிறார்கள், வங்கிக் கணக்கு இருக்கிறது, ஓடி ஒளிய முடியாது. அந்த இடைவெளியில்தான் தம்பி ஆடுகிற மாதிரியான வெளிநாட்டு சைட்டுகள் டெலிகிராம் குரூப் வழியாக உள்ளே வந்தன. யூபிஐ-இல் பணம் போடச் சொல்வார்கள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளின் பெயர் வரும். ஒரு நாள் பெயர் மாறினால்கூட என் வயிறு கலங்கும். இப்படிப்பட்டவர்கள் பணம் தராவிட்டால் யாருக்கு வலிக்கும்? உனக்கு மட்டும்தான்.

என் கணிப்பு இது. அடுத்த சில வாரத்தில் "சர்வர் மேம்பாடு" அல்லது "பேமென்ட் பார்ட்னர் மாற்றம்" என்று ஒரு அறிவிப்பு வரும். அதோடு ஒரு பெரிய டெபாசிட் போனஸ் வரும், புதுப் பணம் தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி எனக்குத் தெரியாது. அதன் பிறகு தினசரி எடுக்கும் வரம்பு குறையும். கடைசியில் முகவரியில் ஒரு எழுத்து மாறி புது சைட் வரும், பழைய பேலன்ஸ் அதில் இருக்காது. ஆறு மாதத்துக்குள் இது நடக்கும் என்கிறேன். நடக்காவிட்டால் இதே வீடியோவின் கீழே வந்து கேளுங்கள், தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன், அப்படித் தப்பாகப் போனால் என்னைவிடச் சந்தோஷப்படுபவர் யாரும் இருக்க மாட்டார்.

பணம் மாட்டியவர்கள் யூபிஐ ரசீது, யார் பெயருக்குப் போனது, சாட்டில் வந்த பதில்கள், எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வேறு இடத்தில் சேமித்து வையுங்கள், சைட் போன பிறகு எதுவும் கிடைக்காது. சைபர் குற்ற உதவி எண் 1930. புகார் கொடுத்தால் நம்மையே பிடிப்பார்களோ என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். அந்த மத்தியச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை, ஆனால் மாநிலச் சட்டம் வேறு, அதனால் போவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பயந்துகொண்டு சும்மா மட்டும் இருக்காதீர்கள்.

இதே சைட்டில் கோரிக்கை போட்டவர்கள் போட்ட தேதி, தொகை, வந்ததா இல்லையா, இந்த மூன்றை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம். அடுத்த வாரம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் காட்டுகிறேன், எந்தத் தேதிக்குப் பிறகு பெரிய தொகை யாருக்கும் வரவில்லை என்று தெரிந்துவிடும்.

தம்பி, நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அந்த 62,000 ரூபாய்க் கோரிக்கை அப்படியே கிடக்கட்டும். சிவப்பு பட்டனைத் தொடாதே. இன்றைக்கு வீட்டில் அக்காவிடமாவது சொல்லிவிடு, சொல்லிவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.