ஊழல் வழக்கில் வெல்வது சட்டமா, வழக்காடும் மனிதரா? மனிதரே!

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "சட்டம் வலுவாக இருந்தால் போதும், அரசு வழக்கறிஞராக யார் வந்து நின்றால் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார். சரி, நம் ஊர் சொத்துக் குவிப்பு வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1991 முதல் 1996 வரை முதல்வராக இருந்த ஜெயலலிதா வருமானத்துக்கு மீறி 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து சேர்த்தார் என்ற வழக்கு. அவர் மறுபடி ஆட்சிக்கு வந்த பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரைச் சென்னையில் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அதில் 64 பேர் பல்டி அடித்தார்கள், அரசு வழக்கறிஞர் வாயே திறக்கவில்லை! அப்போதும் அதே ஊழல் தடுப்புச் சட்டம்தானே இருந்தது? இதையெல்லாம் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பரில் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது.

அங்கே 2005-இல் அரசு வழக்கறிஞராக வந்தவர் பி.வி. ஆச்சார்யா. கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக, ஐந்து முறை இருந்தவர். 2012-இல் அந்தப் பதவியா, இந்த வழக்கா என்று நெருக்கடி வந்தபோது அவர் விட்டது பதவியை. அப்புறம் அவர் மீதே புகார்கள் கிளம்பி, அதே ஆண்டு வழக்கிலிருந்தும் விலகினார். 2014-இல் ஜெயலலிதாவுக்கும் உடன் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரனுக்கும் தண்டனை வந்தது, மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அரசுத் தரப்பில் வாதாடியவரின் நியமனமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 27 அன்று சொல்லிவிட்டது. மறுபடி ஆச்சார்யாவைத்தான் கூப்பிட்டார்கள். எண்பதைத் தாண்டிய அந்த மனிதருக்குக் கிடைத்தது ஒரே நாள். மறுநாளே எழுத்து மூலமான வாதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மே 11 அன்று எல்லோருக்கும் விடுதலை. வருமானத்தை மீறிய சொத்து வெறும் 8.12 சதவீதம்தான், பத்துக்குள் இருப்பதால் குற்றமில்லை என்றது தீர்ப்பு. ஆச்சார்யா அந்தக் கணக்கை வரிவரியாகப் பார்த்து, வருமானமாகச் சேர்த்த கடன் பட்டியலில் இருக்கும் கூட்டலே தப்பு என்றார். பத்தே பத்து கடன்கள். கூட்டினால் 10 கோடியே 67 லட்சம் சொச்சம் வரும், தீர்ப்பில் இருந்ததோ 24 கோடியே 17 லட்சம் சொச்சம். பதின்மூன்றரை கோடி! அதைச் சரிசெய்தால் 8 சதவீதம் 76-ஐத் தாண்டுகிறது. பலசரக்குக் கடைச் சிட்டையில் பத்து ரூபாய் கூடினால்கூட நாம் விடமாட்டோமே, இது மக்கள் பணம் ஐயா! கர்நாடகம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது. ஜெயலலிதா அதற்குள் மறைந்துவிட்டார், மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள்.

அந்தப் பத்துக் கடன்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், நடுவர் அவர்களே. எதிரணி நண்பர் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.