இரண்டு அப்பாக்கள், இரண்டு சித்திகள்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-எடாவின் 'லைக் ஃபாதர், லைக் சன்' படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2013-ல் கான் திரைப்பட விழாவில், ஸ்பீல்பெர்க் தலைமையிலான நடுவர் குழு ஜூரி பரிசு கொடுத்த படம்.

ஆஸ்பத்திரியில் பிறந்தபோதே இடம் மாறிப்போன இரண்டு பையன்கள். ஆறு வயதில்தான் விஷயம் தெரிகிறது. டோக்கியோவில் ர்யோட்டா, பெரிய கட்டிடக் கலைஞர். உயரமான அடுக்குமாடி வீடு, மகன் கேய்ட்டாவுக்கு பியானோ, நல்ல பள்ளிக்கூடம், எல்லாம் உண்டு, அப்பா மட்டும் எப்போதும் வேலையில். இன்னொரு அப்பா யூடாய், எலக்ட்ரிக் கடைக்காரர். பிள்ளைகளோடு சேர்ந்து குளிப்பார், உடைந்த பொம்மையைச் சரி பண்ணிக் கொடுப்பார், ஆனால் ஆஸ்பத்திரி நஷ்டஈடு எவ்வளவு தரும் என்பதிலும் கண்ணாக இருப்பார். அதனால்தான் இதைக் கண்டிப்பான அப்பா தப்பு, விளையாட்டு அப்பா சரி என்று சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு இந்தப் படம் அப்பாக்களை விட இரண்டு சித்திகளின், அதாவது மாற்றாந்தாய்களின், படம். குழந்தைகளை மாற்றியது ஒரு நர்ஸ், அதுவும் வேண்டுமென்றே. மறுமணம் செய்துகொண்டு போன வீட்டில் கணவரின் பிள்ளைகள் அவரிடம் ஒட்டவில்லை, அந்த வேதனையில், சந்தோஷமாக இருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்துச் செய்துவிட்டதாக கோர்ட்டில் சொல்கிறார். அவர் அனுப்பிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க ர்யோட்டா கோபத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறார். அப்போது ஒரு பையன் ஓடி வந்து அந்த அம்மாவை மறைத்துக்கொண்டு நிற்கிறான். உனக்குச் சம்பந்தமில்லை என்கிறார் ர்யோட்டா. சம்பந்தம் இருக்கிறது, இவர் என் அம்மா என்கிறான். ஒரு காலத்தில் ஒட்டாமல் இருந்த பிள்ளைதான் அவன்! எந்த ரத்தமும் கற்றுக்கொடுக்காததை, அந்த வீட்டில் சேர்ந்து சாப்பிட்டுத் தூங்கிய வருடங்கள் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

ர்யோட்டாவையும் வளர்த்தது ஒரு சித்திதான், அவரை அம்மா என்று அழைக்க மறுத்தே வளர்ந்தவர் அவர். அவருடைய அப்பாவோ, குதிரைக்கு இருப்பதுபோல மனிதனுக்கும் ரத்தம்தான் முக்கியம் என்று அடித்துப் பேசுகிறவர். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அந்தச் சித்தி, ரத்தம் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்ந்தால் பாசம் வரும் என்கிறார், அதை அன்றைக்கு யாரும் காதில் வாங்குவதில்லை. நர்ஸ் வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் ர்யோட்டா அவருக்குப் போன் பண்ணி, பழையதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறார். அந்த அம்மா முழுதாகச் சொல்லவே விடுவதில்லை, அதெல்லாம் வேண்டாம், வேறு ஏதாவது சும்மா பேசு என்கிறார். எவ்வளவு பெரிய மனது!

கேமராவில் கேய்ட்டா எடுத்து வைத்த படங்கள் வரும் காட்சியில் எல்லோரும் அழுவார்கள், நானும் அழுதேன். ஆனால் படம் பார்க்கும்போது இந்தப் போன் காட்சியில் தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள், அது சீக்கிரம் முடிந்துவிடும். கடைசியில் எந்தப் பையன் எந்த வீட்டில் என்பதை நான் சொல்லப் போவதில்லை.